பத்துக் கிலோ

செவ்வாய்க்கிழமை. பிரட்டுக்குப் போகவில்லை.
ஆறாம் நம்பர் மலையில் என் நிரையை
யாராவது எடுத்திருப்பார்கள்.
செக்ரோலில் என் பெயருக்கு நேரே
ஒரு கோடு.
அந்தக் கோட்டின் மேல்தான்
அன்றைக்கு நாங்கள் படகு விட்டோம்.

படகு என்றால்,
பிரகலாதன் இரண்டு மழைக்காலம்
லயத்துக் கோடியில் தட்டிக்கொண்டே இருந்த பலகை.
நீர்கொழும்பில் ஒன்பது வருசம்
பிறத்தியார் வள்ளத்தில் வலை இழுத்தவன்.
திரும்பி வரும்போது கொண்டுவந்தது
முதுகுவலி,
சிங்களத்தில் கொஞ்சம் கெட்ட வார்த்தை,
காற்றை நெற்றியால் அளக்கும் பழக்கம்.

பாய், என் பழைய படங்கு மூன்று.
தேயிலைக் குச்சி கிழித்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டு
உரப்பை நூலால் நானே தைத்தேன்.
ஏற்றி விரித்தபோது
என் இடுப்பின் அகலத்தில் மூன்று பங்கு
வானத்தில் நின்றது.

காலை ஏழரை.
மவுசாகலைத் தண்ணீர் ஆறிப்போன தேத்தண்ணி நிறம்.
நடுவுக்குப் போக அவன் சம்மதிக்கவில்லை.
"மலைக்காத்து சொல்லிட்டு வராது.
கரையப் புடிச்சே போவோம்."

பங்குனியில் கரை என்பது
படிப்படியாய் வெடித்த செஞ்சேறு.
தண்ணீருக்குள் இறங்கிப் போகும் பழைய தார் ரோடு.
அதன் ஓரத்தில்
எந்த பஸ்ஸும் வராத ஒரு மைல்கல்.

ஒவ்வொரு முனை திரும்பும்போதும் காற்று
வேறு ஆளாய் வந்தது.
பாய் இந்தப் பக்கம் அறையும், பிறகு அந்தப் பக்கம்.
"குனி, குனி" என்று அவன் கத்துவான்.
ஒருமுறை நான் குனியவில்லை.
நெற்றியில் நெல்லிக்காய் அளவு புடைத்தது.
அதைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தோம்.

பிறகு என் மலை வந்தது.
பதினேழு வருசம் அதன் மேல் நின்றிருக்கிறேன்,
அதன் முகத்தைப் பார்த்ததில்லை.
இவ்வளவு செங்குத்தா?
இதிலா நான் மழையில் ஓடி இறங்கினேன்?
சின்னச் சின்னப் புள்ளிகளாய்ப் பெண்கள்.
ஒரு கை மேலே எழுந்தது.
தோளுக்குப் பின்னால் கொழுந்து போட்ட கையோ,
என்னைக் கூப்பிட்ட கையோ.
இரண்டுக்கும் சேர்த்து நானும் அசைத்தேன்.

மதியம் காற்று விழுந்துவிட்டது.
வற்றிய தண்ணீருக்கு வெளியே
மூழ்கிய கோயிலின் தலை, அதன் மேல் ஒரு கொக்கு.
ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றோம்.
ஸ்டோரில் சங்கு ஊதியது.
நிறுவைக்கு இறங்கும் நேரம்.
படகுக்குள் என் கால் இரண்டும்
தாமாகவே ஓரடி நகர்ந்தன.

பொழுது சாயும்போது
டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே
ஒரு குடா கிடைத்தது.
அலை இல்லை. ஆள் இல்லை.
மரங்கள் தலைகீழாய் நின்று எங்களைப் பார்த்தன.

நங்கூரம் என்று எங்களுக்கு இருந்தது
இடிந்த கொழுந்துக் கொட்டிலில் கிடந்த படிக்கல்.
துருவுக்கு அடியில் பத்து என்று எழுத்து.
கூடைக்கு இரண்டு கிலோ,
ஈரத்துக்கு ஒன்று,
துரை வீட்டு நாய்க்கு எவ்வளவோ என்று
எங்கள் கொழுந்தைக் கழித்த காலமெல்லாம்
எதிர்த்தட்டில் உட்கார்ந்திருந்த கல்.
நான்தான் தூக்கிப் போட்டேன்.
ஒரு பாகம், இரண்டு, மூன்று என்று எண்ணினான்.
கயிறு தளர்ந்து, பிறகு விறைத்தது.
படகு மெல்லத் திரும்பி
காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது.

இரவில் படங்கையே இழுத்துப் போர்த்திக்கொண்டோம்.
எத்தனை துவைத்தும் போகாத கொழுந்துக் கறை மணந்தது.
தூரத்தில் சிவனொளிபாதத்துப் படிகளில்
யார் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்,
விளக்கு விளக்காய்.
எங்களுக்கு ஏற ஒன்றும் இல்லை.

அவன் தூங்கிவிட்டான்.
நான் கயிற்றில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன்.
அடியில் அது நிறுத்துக்கொண்டிருந்தது.
இரண்டு ஆள், ஒரு சட்டி, மிச்ச ரொட்டி,
நெற்றியில் ஒரு புடைப்பு.
கழிவு இல்லை.

விடியற்காலை எழுந்து
நெற்றியை நீட்டிப் பார்த்துச் சொன்னான்:
"எதிர்க்காத்து. மத்தியானம்தான் திரும்பலாம்."

அப்படியானால்
புதன்கிழமைக்கும் ஒரு கோடு.